தன் கையால் வரும் கேடு: மெட்ரிக் வகுப்பில் 'ஒத்தெல்லோ'வைப் படிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலத்தை ஹோம் லாங்வேஜ் (வீட்டுமொழி நிலை) பாடமாக எடுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள், ஷேக்ஸ்பியரின் 'ஹேம்லெட்' அல்லது 'ஒத்தெல்லோ', இல்லையேல் ஆர்தர் மில்லரின் 'தி குருசிபிள்' என்று ஏதேனும் ஒரு நாடகத்தை ஆண்டு முழுதும் படித்து மெட்ரிக் தேர்வில் எழுதுவது அண்மை ஆண்டுகளின் வழக்கமாக இருந்து வருகிறது. டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய இடங்களில் வளரும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறவர்கள் என்றாலும், நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம் அவர்களையும் திணற வைக்கிறது. ஆனால் மொழி அவ்வளவு பெரிய தடையன்று. பாடநூலின் ஓரக்குறிப்புகள் அதைத் தீர்த்துவிடும். துன்பியல் நாடகம் என்பது என்ன என்ற அடிப்படைக் கருத்து பிடிபடாமலே ஐந்து அங்கங்களையும் கடந்துவிடுவதுதான் பெரிய தடை. பிள்ளைகளின் அருகில் உட்கார்ந்து உதவ விரும்பும் பெற்றோருக்காகவும் பெரியவர்களுக்காகவும், 'ஒத்தெல்லோ'வை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்தக் கருத்தை இங்கே விளக்குகிறேன்.

சோகமாக முடியும் கதையெல்லாம் துன்பியல் ஆகிவிடாது. வெள்ளத்தில் ஒரு குடும்பம் அடித்துச் செல்லப்பட்டால் நம் நெஞ்சம் பதறுகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் செயலுக்கும் அதன் முடிவுக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை. துன்பியல் நாடகத்தில் அந்தத் தொடர்பே உயிர்நாடி. அதன் நாயகன் கெட்டவன் அல்லன். ஊரார் மதிக்கும் நிலையில் இருப்பவன். அவன் எடுக்கும் ஒரு முடிவு, அந்த முடிவிலிருந்து பிறக்கும் அடுத்த முடிவு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, அவன் எதைக் காப்பாற்ற நினைத்தானோ அதையே அவன் கையால் அழிக்க வைக்கின்றன. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தமது 'கவிதையியல்' நூலில் இந்த அமைப்பை ஆராய்ந்தபோது மூன்று கூறுகளை முதன்மையாகக் கண்டார். நாயகன் செய்யும் பிழை, அதனால் அவன் நிலைமை தலைகீழாவது, தான் செய்தது இன்னதென்று அவன் உணரும் தருணம். இவற்றைப் பார்க்கும் நமக்கு இரக்கமும் அச்சமும் ஒருங்கே எழ வேண்டும் என்றும் அவர் சொன்னார். முற்றிலும் நல்லவன் வீழ்ந்தால் நமக்கு வெறுப்பும் முற்றிலும் கெட்டவன் வீழ்ந்தால் நிறைவும்தான் தோன்றும். நம்மைப் போன்ற ஒருவன் வீழும்போதே இரக்கத்துடன் அச்சமும் சேர்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. சிலப்பதிகாரம் நாடகமன்று, காப்பியம். ஆயினும் அதன் மதுரைக் காண்டத்தில் வரும் பாண்டியனின் கதை இந்த மூன்று கூறுகளுக்கும் மிகச் சரியாகப் பொருந்துகிறது. நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். தேவியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் இருந்தவன், பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டு வருக என்று காவலருக்கு ஆணையிட்டுவிடுகிறான். விசாரணை இல்லை, கையில் இருக்கும் பொருளே சாட்சியாகிவிடுகிறது. கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைக்க, தேவியின் சிலம்பில் இருக்க வேண்டிய முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்து விழும்போது அவன் சொல்லும் 'யானோ அரசன் யானே கள்வன்' என்ற அடியைவிடச் சுருக்கமாகவும் கடுமையாகவும் அந்த உணரும் தருணத்தைக் காட்டிய அடி வேறு எந்த மொழியிலும் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. வழக்குரை காதையை ஒரு மாலைப் பொழுதில் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, பிறகு ஒத்தெல்லோவின் கைக்குட்டையிடம் வாருங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

'ஒத்தெல்லோ' 1604 நவம்பர் 1 அன்று லண்டன் ஒயிட்ஹாலில் அரசவையினர் முன்னிலையில் நடிக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. கதை வெனிஸ் நகரில் தொடங்கிச் சைப்ரஸ் தீவில் முடிகிறது. வெனிஸ் குடியரசின் படைத்தலைவனான ஒத்தெல்லோ கருநிறத்தவன், வேற்றுநாட்டவன், பல போர்களில் வென்றவன். செனட்டர் பிரபான்ஷியோவின் மகள் டெஸ்டிமோனா தந்தைக்குத் தெரியாமல் அவனை மணந்துகொள்கிறாள். துணைத்தளபதி பதவி தனக்குக் கிடைக்காமல் கேசியோவுக்குப் போனதில் வெகுண்ட இயாகோ, டெஸ்டிமோனாவுக்கும் கேசியோவுக்கும் கள்ள உறவு இருப்பதாக ஒத்தெல்லோவை நம்ப வைக்கிறான். ஒத்தெல்லோ குற்றமற்ற மனைவியைக் கொல்கிறான். உண்மை தெரிந்ததும் தன்னையே குத்திக்கொண்டு சாகிறான். கதை இவ்வளவே.

முடிவு முன்னதாகவே தெரிந்துவிட்டால் சுவை போய்விடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்த நம் முன்னோர் கரும்புத் தோட்டக் காலத்திலும் தெருக்கூத்தை விடாமல் ஆடினார்கள். பாரதக் கதையின் முடிவு தெரியாதவர் எவரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டார், ஆனாலும் விடிய விடியப் பார்த்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி அங்கே இல்லை. இது எப்படி நடந்தது, எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்ற கேள்வியே பார்வையாளரைப் பிடித்து வைக்கிறது. துன்பியல் நாடகத்தைப் படிப்பதற்கான முறையும் இதுதான். ஒவ்வொரு காட்சியிலும் நின்று, இந்தக் கணத்தில் இவன் வேறு என்ன செய்திருக்கலாம், ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில் கேட்டுப் பார்ப்போம். நாடகத்தின் முதுகெலும்பு இந்தக் காட்சி. மற்றவற்றை ஒருமுறை படித்தால் இதை நான்கு முறை படிக்க வேண்டும். காட்சி தொடங்கும்போது ஒத்தெல்லோ மனைவிமீது உயிரையே வைத்திருக்கிறான். காட்சி முடியும்போது அவளைக் கொல்லத் துணிந்துவிடுகிறான். இடையில் நடப்பதோ வெறும் பேச்சு.

இயாகோ முதலில் நேரடியாக எந்தக் குற்றச்சாட்டையும் சொல்வதில்லை. டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுக் கேசியோ விலகிப் போவதைக் கண்டு, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று தனக்குள் பேசுவதுபோல் முணுமுணுக்கிறான். என்ன சொன்னாய் என்று ஒத்தெல்லோ கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். கேசியோ நேர்மையானவன்தானே என்று ஒத்தெல்லோ கேட்க, நேர்மையானவனா என்று அந்தச் சொல்லையே திருப்பிக் கேட்கிறான். நீ என்ன நினைக்கிறாய் என்றால், நினைக்கிறேனா என்கிறான். தன் சொற்களையே இவன் எதிரொலிக்கிறானே என்று ஒத்தெல்லோ எரிச்சலடைகிறான். அந்த எரிச்சலில்தான் அவன் அகப்பட்டுக்கொள்கிறான். மறைக்கப்படும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவனே முடிவு செய்து, அதைச் சொல்லும்படி அவனே கெஞ்சத் தொடங்குகிறான். தானாக வந்து சொல்லப்படும் அவதூற்றை மனிதன் சந்தேகிப்பான். தான் வற்புறுத்திப் பெற்ற அவதூற்றை உண்மை என்றே கொள்வான். இயாகோவுக்கு இது நன்றாகத் தெரியும்.

அடுத்து இயாகோ, பொறாமையிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று அவனுக்கே அறிவுரை கூறுகிறான். அதுவரை ஒத்தெல்லோவின் வாயில் பொறாமை என்ற பேச்சே வரவில்லை. அதன் பிறகு, தன் தந்தையை ஏமாற்றித்தானே அவள் உங்களை மணந்தாள் என்று நினைவூட்டுகிறான். இது முதல் அங்கத்தில் பிரபான்ஷியோ போகிற போக்கில் சொன்ன எச்சரிக்கை. தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம் என்று அவர் சொன்னபோது, அவள் நம்பிக்கைக்கு என் உயிரே ஈடு என்று ஒத்தெல்லோ அதை ஒதுக்கித் தள்ளினான். அதே வாதம் இப்போது நண்பன் வாயிலிருந்து வரும்போது உள்ளே இறங்கிவிடுகிறது. மாணவர்கள் இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே சொல் சொல்பவனைப் பொறுத்து எப்படி வலிமை பெறுகிறது என்பது புரியும்.

இனி அந்தக் கைக்குட்டை. டெஸ்டிமோனா உள்ளே வருகிறாள். தலை வலிக்கிறது என்கிறான் ஒத்தெல்லோ. அவன் அன்பின் முதல் பரிசாகக் கொடுத்த, செம்புற்றுப்பழ (ஸ்ட்ராபெரி) உருவங்கள் பின்னப்பட்ட கைக்குட்டையை எடுத்து அவன் நெற்றியைக் கட்டப் போகிறாள். உன் துணி சிறியது என்று சொல்லி அவன் அதை விலக்குகிறான். அது கீழே விழுகிறது. விட்டுவிடு, உள்ளே போகலாம் என்று சொல்லி அவளை அழைத்துப் போகிறான். கீழே கிடந்ததை எமிலியா எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுக்கிறாள். அவன் அதைக் கேசியோவின் அறையில் போட்டுவிடுகிறான். பிறகு அந்தக் கைக்குட்டை எங்கே என்று ஒத்தெல்லோ மனைவியைக் கொதித்துக் கேட்கிறான். அது விழக் காரணமானது அவன் கை. அதை எடுக்காமல் விடச் செய்தது அவன் பேச்சு. ஆனால் தலைவலியின் பெயரில் பொருமிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவன் கைக்குட்டையையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. நாடகத்தின் பெரும் பிழை ஒரு பெரும் உரையில் இல்லை. இந்த இரண்டு மூன்று வரிகளில் இருக்கிறது. இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு மனிதனின் அழிவை வைத்த ஷேக்ஸ்பியரின் கைவண்ணத்தைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதே காட்சியில் ஒத்தெல்லோ, கண்ணால் கண்ட சாட்சி வேண்டும் என்று இயாகோவின் கழுத்தை நெரிக்காத குறையாகக் கேட்கிறான். கிடைப்பதோ, கேசியோ தூக்கத்தில் உளறினான் என்ற ஒரு கதையும், அவன் அந்தக் கைக்குட்டையால் தாடியைத் துடைத்ததைக் கண்டேன் என்ற ஒரு பொய்யும். ஒத்தெல்லோவுக்கு அது போதுமானதாகிவிடுகிறது. பாண்டியனுக்குச் சிலம்பு எப்படியோ, இவனுக்குக் கைக்குட்டை அப்படி. நீதி வழங்கும் பொறுப்பில் இருக்கும் இருவரும் சாட்சியை விசாரிக்கவில்லை; பொருள் யார் கையில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் பல வழிகாட்டி நூல்கள், நாயகனின் குறை பொறாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. மாணவர்களும் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பொறாமை என்பது விளைவு; அது ஏன் அவ்வளவு எளிதாக வேரூன்றியது என்பதே கேள்வி. அதே காட்சியில் தனியாக நிற்கும் ஒத்தெல்லோ, ஒருவேளை நான் கருப்பன் என்பதாலும், அரண்மனைக்காரர்களின் நயமான பேச்சு என்னிடம் இல்லாததாலும், வயதில் இறங்கத் தொடங்கிவிட்டதாலும் இருக்கலாம் என்று காரணம் தேடுகிறான். வெனிஸ் அவன் வாளைப் பயன்படுத்திக்கொண்டது. மகளைக் கொடுக்க மட்டும் மறுத்தது. மணச்செய்தி தெரிந்ததும், மந்திரம் போட்டு மயக்கிவிட்டான் என்று பிரபான்ஷியோ குற்றம் சாட்டினார். இவள் என்னை விரும்பியது இயல்புக்கு மாறானதோ என்ற ஐயத்தை அந்தச் சமூகம் அவனுக்குள் முன்பே விதைத்திருக்கிறது; இயாகோ அதற்கு நீர் மட்டுமே ஊற்றினான்.

தென்னாப்பிரிக்க வகுப்பறையில் இந்தப் பகுதி வேறெங்கும் இல்லாத கனத்துடன் வருகிறது. வெள்ளையருக்கும் பிறருக்கும் இடையே திருமணத்தைத் தடை செய்த சட்டம் இங்கே 1949-இல் இயற்றப்பட்டு 1985-இல்தான் நீக்கப்பட்டது. அது நீங்கி இரண்டே ஆண்டுகளில், 1987-இல், ஜொகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் ஜேனட் சூஸ்மன் இயக்கத்தில் ஜான் கானி ஒத்தெல்லோவாக நடித்தார். நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த நாட்டில், ஒரு கருப்பின நடிகர் வெள்ளையின நடிகையை மேடையில் மனைவி என்று அணைத்துக்கொண்டார். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தால் வீட்டை இழந்து சாட்ஸ்வர்த்துக்குக் குடியேற்றப்பட்ட தாத்தா பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, ஊர் தன்னை எப்படிப் பார்க்கிறது என்பது ஒரு மனிதனின் உள்ளத்துக்குள் எப்படிப் புகுந்துவிடும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னாலே போதும். பிள்ளை அதை நாடகத்தோடு பொருத்திக்கொள்ளும்.

நாடக வடிவம் பற்றி இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று தனிமொழி. இயாகோ மேடையில் தனியாக நின்று தன் திட்டத்தை நமக்குச் சொல்லிவிடுகிறான். அதனால் நமக்குத் தெரிந்தது ஒத்தெல்லோவுக்குத் தெரியாது. அவன் ஒவ்வொரு தடவையும் நேர்மையான இயாகோ என்று அழைக்கும்போது நம் உள்ளம் துடிக்கிறது. நேர்மை தொடர்பான அந்தச் சொல் நாடகத்தில் ஐம்பது தடவைக்கு மேல் வருகிறது. மற்றொன்று நடை. ஒத்தெல்லோ முதல் அங்கத்தில் செனட் முன்னால் பேசும்போது அவன் செய்யுள் நடை பெருமிதத்துடன் ஒழுகுகிறது. நான்காம் அங்கம் முதல் காட்சியில் அது உடைந்து, துண்டு துண்டான உரைநடையாகி, கைக்குட்டை, கைக்குட்டை என்ற பிதற்றலோடு அவன் மயங்கி விழுகிறான். மனம் சிதைவதை ஷேக்ஸ்பியர் சொல்லிக் காட்டவில்லை, ஓசையில் காட்டுகிறார். ஆகவே இரண்டு பகுதிகளையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் அங்கத்தில் உண்மையை வெளிக்கொணர்பவள் எமிலியா. கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தவள் நான்தான் என்று அவள் சொல்லும்போது இயாகோவின் வலை அறுந்துவிடுகிறது. அதற்கு விலையாகத் தன் உயிரைக் கொடுக்கிறாள். ஒத்தெல்லோவின் கடைசி உரையில், என்னை உள்ளபடி சொல்லுங்கள், எதையும் குறைக்காதீர்கள், வன்மத்தோடும் எழுதாதீர்கள், அறிவோடு அன்றி அளவு மீறி நேசித்தவன் என்று சொல்லுங்கள் என்கிறான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஏ. சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட நூலில் ஒத்தெல்லோவின் பெருந்தன்மை கடைசிவரை குன்றவில்லை என்று கண்டார். டி. எஸ். எலியட்டோ 1927-இல், அவன் உண்மையை எதிர்கொள்ளாமல் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான் என்று எழுதினார். என் கருத்து எலியட் பக்கமே சாய்கிறது: பாண்டியன் தன்னைக் கள்வன் என்றான்; ஒத்தெல்லோ தன்னைக் காதலன் என்கிறான். மாணவர் இதை மறுக்கலாம். மறுப்பதற்கு நாடகத்திலிருந்து வரியைக் காட்டினால் போதும்.

இவ்வளவு துயரத்தை பதினேழு வயதில் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு புத்தகத்தின் வரலாற்றைச் சொல்வேன். 1970-களில் ராபன் தீவுச் சிறையில் இருந்த டர்பன்காரரான சன்னி வெங்கடரத்னம், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முழுத் தொகுப்பு ஒன்றைத் தீபாவளி வாழ்த்து அட்டைகளால் மூடி, அது தம் சமய நூல் என்று சொல்லி வைத்திருந்தார். உடனிருந்த கைதிகளிடம் அதைச் சுற்றுக்கு விட்டு, அவரவருக்குப் பிடித்த பகுதியில் கையெழுத்திடச் சொன்னார். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று 'ஜூலியஸ் சீசர்' என்ற துன்பியல் நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார். கோழைகள் சாவதற்கு முன் பலமுறை சாகிறார்கள், வீரனோ ஒரே முறைதான் சாவைச் சுவைக்கிறான் என்று சீசர் கூறும் வரிகளின் அருகே அவர் கையெழுத்து இருக்கிறது. எதிர்காலம் இன்னதென்று தெரியாத மனிதர்கள் ஆறுதலுக்காக இன்பமான முடிவுகளை மட்டும் தேடிப் போகவில்லை.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோம் லாங்வேஜ் இரண்டாம் தாள் 80 மதிப்பெண்களுக்கு, இரண்டரை மணி நேரம். அதில் நாடகத்துக்கு 25. நாடகத்தில் கட்டுரை எழுதினால் அது 400 முதல் 450 சொற்களுக்குள் இருக்க வேண்டும். கதையைச் சொல்வதற்கு அங்கே இடமே இல்லை; கேள்வியில் உள்ள கூற்றை ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, மூன்று நான்கு இடங்களை நாடகத்திலிருந்து எடுத்து நிறுவ வேண்டும். ஒத்தெல்லோவின் வீழ்ச்சிக்கு இயாகோவே முழுப் பொறுப்பா என்பது போன்ற கேள்வி வந்தால், கைக்குட்டை விழுந்த இடமும், பிரபான்ஷியோவின் எச்சரிக்கை திரும்பி வரும் இடமும், சாட்சி கேட்டவன் கைக்குட்டையோடு நிறைவடைந்துவிட்ட இடமும் கையில் இருந்தால் கட்டுரைக்குப் போதிய சரக்கு கிடைத்துவிடும். பகுதியைக் கொடுத்துக் கேட்கும் வினாக்களில், இந்த வரியை நடிகர் எந்தத் தொனியில் சொல்ல வேண்டும், ஏன் என்றும் கேட்பார்கள். அமைதியாகக் கண்ணால் மட்டும் படித்த மாணவருக்கு அது கடினம். வீட்டில் யாரேனும் ஒருவர் இயாகோவாகவும் மாணவர் ஒத்தெல்லோவாகவும் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியை உரக்கப் படித்திருந்தால், எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது, எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதிலிருந்தே விடையை எழுதிவிடலாம்.